மணிக்காக நின்ற வில்

சனிக்கிழமை காலை ஹெஸ்டர் வான் டாலன் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, அவள் வாசித்த இசையை அவளே திருடிவிட்டதாக அதில் எழுதியிருந்தது.

இரண்டு முறை படித்தாள். இந்த வீடியோவில் உள்ள ஒலி வேறொருவருக்குச் சொந்தமானது, உரிமையாளரின் கோரிக்கையின் பேரில் நீக்கப்பட்டுவிட்டது, இது உங்களுக்கு முதல் எச்சரிக்கை என்று மூன்று வரி. கீழே நீக்கப்பட்ட வீடியோவின் சின்னப் படம், சாம்பல் நிறமாக. அந்தப் படத்தில் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வயலினைப் பெரிதாக்கியது போன்ற செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே வைத்தபடி உட்கார்ந்திருப்பது அவளேதான்.

ஹெஸ்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. வடக்கே ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் பத்தொன்பது வருடம் வாசித்தவள். அந்த ஆர்க்கெஸ்ட்ராவை இன்னொன்றோடு சேர்த்தபோது பதினோரு பேரைப் பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவளும் ஒருத்தி. அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் குரோனிங்கன் நகரத்து இசைப்பள்ளியில் பாடம், மற்ற நாட்களில் எக்கர்வைர்ட் கிராமத்துச் சர்ச்சில் வீடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட அந்தச் சர்ச்சுக்குப் பதினைந்து பேருக்கு மேல் வருவதில்லை. ஆனால் அந்தச் சுவர்களுக்குள் செல்லோ பேசுவது போல் வேறெங்கும் பேசாது.

அவளுடைய வீடியோக்களில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. முதலில் பாட்டை முழுக்க ஒரு முறை வாசிப்பாள். பிறகு அதையே மெதுவாக, கேமராவை இடது கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கடைசியாக வில் பிடிக்கும் கை. சொல்ல வேண்டியது இருந்தால் மட்டும் சொல்வாள். அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோ சேர்ந்திருந்தது. ஃபாரோ தீவுகளில் கப்பல் எந்திரம் பார்க்கும் ஒருவர், போர்ட்டோவில் ஒரு பல் மருத்துவர், வேல்ஸில் கடிதம் கொடுக்கும் ஒரு பெண் என்று ஒன்பதாயிரம் பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேர் சும்மா கேட்பவர்கள். மீதிப் பேர் ஆசிரியருக்கு வழியில்லாமல் அவளைப் பார்த்தே செல்லோ கற்றுக்கொள்பவர்கள்.

நீக்கப்பட்ட வீடியோ, முந்நூறு வருடப் பழைய ஒரு மெதுநடனப் பாட்டு. எழுதியவர் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது; யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஹெஸ்டர் அதை இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதம் வாசித்தாள். அன்றைக்குச் சர்ச்சின் கணப்பு வேலை செய்யவில்லை. இசைத்தாளில் பதினேழாவது கட்டத்துக்கு வரும்போது மேலே கோபுரத்தில் அரை மணிக்கான ஒற்றை மணி அடித்தது. அவள் வில்லைத் தந்தியிலிருந்து ஒரு விரற்கடை தூக்கி, அந்த ஓசை அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம் தொடர்ந்தாள். இன்னொரு முறை வாசித்திருக்கலாம்தான். ஆனால் விரல்கள் மரத்துப் போயிருந்தன. தவிர, மணிக்கு முன்னும் பின்னும் வந்திருந்த வாசிப்பு இனி ஒருநாளும் அப்படி அமையாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வீடியோவின் கீழே ஒரு குறிப்பு எழுதினாள்: நடுவில் கேட்பது எங்கள் ஊர் மணி. அங்கே நிறுத்தம் கிடையாது. நீங்கள் நிற்காமல் போங்கள்.

இப்போது அவள் ஆட்சேபப் படிவத்தைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் நான்கு விடைகள் இருந்தன. 'வாசித்தது நான்தான்' என்பது அந்த நான்கில் இல்லை. கிட்டத்தட்ட பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே விளக்கமாக எழுதி, பாஸ்போர்ட் பிரதியும் சேர்த்து அனுப்பினாள். ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. பரிசீலித்தோம், நிராகரிக்கிறோம், முடிவு இறுதியானது. ஒலியின் உரிமையாளர், சந்தா கட்டிப் பார்க்கிற இசை வகுப்புகளை நடத்தும் ஒரு நிறுவனம். வாசித்த கலைஞர் காஸ்பர் ட்ரூஸ்ட். தவறான ஆட்சேபத்துக்காக இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் எல்லா வீடியோக்களும் போய்விடும்.

காஸ்பர் ட்ரூஸ்டைத் தெரியாதவர்கள் ஹெஸ்டரின் நாட்டில் குறைவு. ரயில் நிலையங்களில் செல்லோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குவார், சுவரொட்டிகளில். அவர் ஒரு கிராமத்துக்காரியின் வாசிப்பை எடுத்துக்கொள்வார் என்று ஹெஸ்டருக்குத் தோன்றவே இல்லை. ஒரே பாட்டு, ஏறக்குறைய ஒரே வேகம், யந்திரம் குழம்பியிருக்கும் என்றுதான் நினைத்தாள். சர்ச்சின் சாவியை வைத்திருக்கும் வுப்போவிடமும் அப்படித்தான் சொன்னாள். வுப்போ முன்பு நாற்பது மாடு வைத்துப் பால் கறந்தவர். இப்போது கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுதான் வேலை.

"யந்திரத்துக்கு நீயும் அவரும் ஒண்ணாத் தெரிஞ்சா உனக்குப் பெருமைதானே?" என்றார் வுப்போ.

ஹெஸ்டர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நெரிஸ் அழைத்தாள். வேல்ஸில் கடிதம் கொடுக்கிறவள் இவள்தான். நாற்பத்து நான்கு வயதில் செல்லோ வாங்கி, ஹெஸ்டரின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஐந்து வருடமாகக் கற்றுக்கொள்கிறாள். திரையில் இன்னும் தபால்காரச் சட்டையோடு இருந்தாள். பிறந்தநாளுக்கு அக்கா ட்ரூஸ்டின் வகுப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள், ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல.

"ஹெஸ்டர், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ட்ரூஸ்ட் உங்க சர்ச்சுக்கு எப்பவாவது வந்து வாசிச்சாரா?"

"எங்க ஊருக்கு அவர் எதுக்கு வரப்போறார்?"

"அப்போ நீங்க மணிக்காக நின்ன எடத்துல அவர் ஏன் நிக்கிறார்? மணி இல்ல. ஆனா நிக்கிறார். நான் ஒரு நூறு தடவ உங்களோட சேர்ந்து வாசிச்சிருக்கேன், எவ்ளோ நேரம் நிப்பீங்கன்னு என் கைக்கே தெரியும். அதே அளவு."

நெரிஸ் தன் திரையில் அதை ஓட்டிக் காட்டினாள். உயரமான ஜன்னல்கள் வைத்த ஒரு கூடம். கறுப்புச் சட்டையில் ட்ரூஸ்ட், கண்ணை மூடிக்கொண்டு அசைந்து அசைந்து வாசித்தார். ஹெஸ்டர் முதல் நான்கு கட்டங்களிலேயே கண்டுகொண்டாள். தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா? மூன்றாம் கட்டத்தில் சுண்டுவிரல் கொஞ்சம் தாமதமாக விழுவது, ஏழாவதில் வில் நுனிக்குப் போகும்போது வரும் சின்னக் கரகரப்பு, எல்லாம் அவளுடையது. மணியை மட்டும் துடைத்து எடுத்திருந்தார்கள், சுத்தமாக. ஆனால் அவள் காத்திருந்த நேரம் அப்படியே இருந்தது. அந்த நேரத்தை நிரப்ப ட்ரூஸ்ட் வில்லைத் தூக்கி, முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பி, வலியில் இருப்பவர்போல் புருவத்தை நெரித்தார்.

அதோடு முடியவில்லை. அடுத்து பாடம் வந்தது. அந்த நிறுத்தத்தைப் பற்றி மட்டும் பதினோரு நிமிடம் பேசினார் ட்ரூஸ்ட். இசைத்தாளில் இங்கே ஒன்றும் எழுதப்படவில்லை, எழுதப்படாததை வாசிப்பவன்தான் கலைஞன், இந்த மௌனத்துக்கு வந்துசேர எனக்கு இருபது வருடம் பிடித்தது என்றார். மாணவர்கள் பென்சில் எடுத்துப் பதினேழாவது கட்டத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

நெரிஸ் ஏதோ கேட்டாள். ஹெஸ்டருக்குக் காதில் விழவில்லை. நன்றி சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து போய்ப் பளபளவென்று இருந்த சமையலறைக் குழாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பூங்கொத்து கொடுத்து அனுப்பிய அன்றைக்குக்கூட அவள் இப்படி எதையும் தேய்த்துக் கழுவவில்லை. வாசிப்பை எடுத்தது திருட்டு. அதற்குக் கோபம் வந்தது. எடுத்தவன் அவளையே திருடி என்று சொல்ல வைத்தது அதைவிடப் பெரிய அக்கிரமம். ஆனால் அவளை உட்காரவிடாமல் அடித்தது அந்தப் பதினோரு நிமிடம்தான். ஒரு மணி அடித்ததற்காக அவள் குளிரில் காத்திருந்ததை எடுத்து, ட்ரூஸ்ட் ஆயிரக்கணக்கான பேருக்கு ஞானமாகப் போதித்துக்கொண்டிருக்கிறார். இசையைக் கையில் எடுக்கத் துணிந்த பாவத்துக்கு, அத்தனை பேரும் பதினேழாவது கட்டத்தில் தடுக்கி விழுந்து, அதை ஆழம் என்று நம்புவார்கள்.

நிறுவனத்துக்கு எழுதினாள். 'உங்கள் இசைத் தோழி மீகா' என்ற பெயரில் பதில் வந்தது: எங்கள் வகுப்பில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி. மறுபடி எழுதினாள். மீகா அதே நன்றியை மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை ஹெஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், நீ மனுஷிதானா என்று. அதற்கும் ஆர்வம் காட்டியதற்கு நன்றி வந்தது. வீடியோத் தளத்தில் பேச ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. ஒரு வக்கீலிடம் போனாள். வழக்குப் போடலாம், வருடக்கணக்கில் ஆகும், அதற்குள் யாருக்கு அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கும் என்றார் அவர், பரிவோடுதான்.

வுப்போவிடம் இரண்டு ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டியபோதுதான் அவர் கேலியை விட்டார். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, பதினேழாவது கட்டத்தை மூன்று முறை கேட்டார்.

"என் மணிய எடுத்துட்டானுங்களா?"

"எடுத்துட்டாங்க."

"போர்ல எடுத்துட்டுப் போன மணிம்மா அது. குண்டு செய்ய உருக்கறதுக்குன்னு கொண்டுபோனவன்கூடக் கடைசில திருப்பிக் குடுத்தான்." மடித்து வைத்திருந்த செய்தித்தாளை எடுத்தார். "அந்த ட்ரூஸ்ட் வர்ற ஞாயித்துக்கிழம ஸ்வோல்லா டவுனுக்கு வர்றானாம். எல்லாரும் பாக்கற மாதிரி மேடையில பாடம் சொல்லித் தர்றானாம், பேப்பர்ல போட்டிருக்கு. நான் வண்டிய எடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்வோல்லா அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஹெஸ்டரும் வுப்போவும் ஆறாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் கேள்வி நேரம் உண்டு, அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று ஹெஸ்டர் முடிவு செய்திருந்தாள். மூன்றாவதாக மேடைக்கு வந்தவள் அன்னலோட் என்ற முப்பது வயதுப் பெண். மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை தருபவள், ஒரு வருடமாக ட்ரூஸ்டின் வகுப்பைப் பார்த்துக் கற்பவள் என்று நிகழ்ச்சி நடத்துபவர் அறிமுகம் செய்தார். அன்னலோட் அந்த மெதுநடனத்தையே வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். பதினேழாவது கட்டத்தில் வில்லைத் தூக்கினாள். நின்றாள். முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பினாள்.

வாசித்து முடித்ததும் ட்ரூஸ்ட் நெஞ்சில் கை வைத்தார். "கேட்டீங்களா அந்த மௌனத்தை?" என்று அரங்கைப் பார்த்தார்.

ஹெஸ்டர் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"அந்த எடத்துல இசைத்தாள்ல என்ன எழுதியிருக்கு?"

கேள்விகளைக் கடைசியில் கேட்கலாம் என்றார் நிகழ்ச்சி நடத்துபவர். ட்ரூஸ்ட் பெருந்தன்மையாகக் கையமர்த்தினார். "பரவாயில்ல, கேக்கட்டும். அங்க ஒண்ணும் எழுதலைங்க. அதுதான் அழகே."

"அப்போ அந்த நிறுத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"உள்ளேருந்து."

"இல்ல. எக்கர்வைர்ட் சர்ச் கோபுரத்துலேருந்து. அங்க அரை மணிக்கு ஒரு தடவ மணி அடிக்கும். ரெண்டு வருஷம் முந்தி நான் இதை வாசிச்சிட்டிருந்தப்போ அடிச்சுது. அடங்கட்டும்னு வில்லைத் தூக்கிட்டு நின்னேன். உங்க வகுப்புல ஓடறது என் வாசிப்பு. மணிய அழிச்சவங்க நான் நின்னதை அழிக்க மறந்துட்டாங்க."

அரங்கில் யாரோ சிரித்தார்கள். தனியாகச் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். இந்தப் பெண்மணிக்கு ஏதோ மனக்குறை போலிருக்கிறது என்று நிகழ்ச்சி நடத்துபவர் ஒலிவாங்கியில் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் வுப்போ போனை எடுத்து, சத்தத்தை முழுக்க வைத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். செல்லோ சன்னமாகக் கேட்டது. பதினேழாவது கட்டம் வந்தது. மணி அடித்தது. அத்தனை சின்ன போனிலிருந்து வந்தாலும் அது மணிதான் என்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. ஓசை அடங்கியதும் செல்லோ தொடர்ந்தது.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் பின்னால் திரும்பி ஹெஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். மேடையில் அன்னலோட் தன் இசைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாவது கட்டத்தைச் சுற்றி அவள் போட்டிருந்த தடித்த வட்டம் ஆறாவது வரிசைக்கே தெரிந்தது.

"அப்போ நான் அங்க நிக்கணுமா, வேணாமா?" என்று ட்ரூஸ்டிடம் கேட்டாள். குத்தலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ட்ரூஸ்ட் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார்.

ஹெஸ்டருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நிக்காதீங்க," என்றாள், குரலைத் தணித்து. "பதினாறுல எடுத்த வில்லை அப்படியே பதினெட்டு வரைக்கும் கொண்டு போங்க. ஒரே மூச்சு."

அன்னலோட் மறுபடி வாசித்தாள். நிற்கவில்லை. நடனம் முதல் தடவையாக நடனமாக நடந்தது. அது முடிந்ததும் நிகழ்ச்சி நடத்துபவர் அவசர அவசரமாக இடைவேளை அறிவித்தார்.

ட்ரூஸ்ட் நடைவழியில் ஹெஸ்டரைத் தேடி வந்தார். பக்கத்தில் பார்த்தால் சுவரொட்டியில் இருப்பதைவிடக் குள்ளம், சோர்ந்த முகம். நிறுவனத்துக்காரர்கள் மூன்று நாளில் நாற்பது பாட்டுப் படம் பிடித்தார்கள், பதினாறுதான் வாசிக்க முடிந்தது, மீதிக்கு நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம், நீங்கள் கையை அசைத்தால் போதும் என்றார்கள், நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னார்.

"கேக்காம இருந்ததுதான் நீங்க பண்ணது," என்றாள் ஹெஸ்டர். "சரி, பாடம் நடத்தறதுக்கு முன்னால அந்தப் பதிவைக் கேட்டீங்கதானே? யார் வாசிச்சதுன்னு நெனச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நான்தான்னு நெனச்சேன். எப்பவோ பழைய பதிவுன்னு. சத்தியமா. இவ்ளோ நல்லா..."

"அந்த வார்த்தை எனக்கு வேணாம்."

"நான் பாராட்டாத்தான் சொல்றேன்."

"தெரியுது. உங்களோடது இல்லாத ஒண்ணை வெச்சு என்னைப் பாராட்டாதீங்க. என் பேரைச் சொல்லுங்க, எல்லார் முன்னாடியும். என் வீடியோவைத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. அந்தப் பதினோரு நிமிஷம் தப்புன்னு உங்ககிட்ட படிக்கிறவங்களுக்குச் சொல்லுங்க. இந்த மூணுதான்."

யோசித்துச் செய்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார். இடைவேளைக்குப் பிறகு மேடையில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஆனால் முந்நூறு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் போனில் பிடித்திருந்தார்கள். வாரக் கடைசிக்குள் அது ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகுதான் நிறுவனத்தில் மீகா அல்லாத ஒரு மனிதர் பேசினார். வகுப்பின் கடைசியில் 'நன்றி' என்ற பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கிறோம், பதிலுக்கு இதைப் பற்றி இனி எங்கும் பேச மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எதற்கு நன்றி என்று ஹெஸ்டர் கேட்டாள். நான் உங்களுக்கு ஒன்றும் தரவில்லை, நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அதே நாள் சர்ச்சில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் நேராகச் சொன்னாள். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓட்டினாள். மூன்றாவது எச்சரிக்கை வந்தால் வரட்டும் என்று வீடியோவை ஏற்றினாள். வரவில்லை. பத்து வாரம் கழித்து, நீக்கிய உங்கள் வீடியோ மீண்டும் கிடைக்கிறது என்று தளத்திலிருந்து ஒரு வரி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. வகுப்பு நிறுவனம் அந்தப் பாடத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. சந்தா கட்டியவர்களுக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை என்று நெரிஸ் எழுதினாள். அவள் மட்டும் விடாமல் மூன்று கடிதம் போட்டுக் கேட்டாளாம்.

ட்ரூஸ்ட் கடைசியில் ஓர் அறிக்கை விட்டார். அதில் ஹெஸ்டர் வான் டாலன் என்று முழுப் பெயரும் இருந்தது, அருமையான கலைஞர் என்றும் இருந்தது. தயாரிப்பின்போது ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பப் பிழையால் அவருடைய பதிவு இடம்பெற்றுவிட்டது என்று இருந்தது. கூடவே அவளுக்குத் தனியாக ஒரு கடிதம்: கோடையில் நான் நடத்தும் விழாவில் என்னோடு சேர்ந்து இரண்டு செல்லோவுக்கான ஒரு பாட்டை வாசிக்க வருவீர்களா?

வுப்போ கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "போயேன். ஆயிரம் பேர் வருவாங்க. உன்னையும் ரயில் ஸ்டேஷன்ல ஒட்டுவாங்க."

"பிழைன்னு எழுதியிருக்கார்."

"அவனோட ஆளுங்க அப்படித்தான் எழுதுவாங்க."

"பிழைன்னா கை தவறி நடக்கறது. வுப்போ, ஒருத்தர் உக்காந்து, பொறுமையா அந்த மணிய அழிச்சிருக்கார். எவ்ளோ நேரம் ஆயிருக்கும் தெரியுமா?"

வுப்போ கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஹெஸ்டர் பதில் எழுதினாள். அழைப்புக்கு நன்றி, உங்கள் அறிக்கையில் பிழை என்ற இடத்தில் திருட்டு என்று மாற்றுங்கள், மாற்றிய அன்றைக்கு நான் செல்லோவை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குப் பதில் வரவில்லை. கோடை வந்தது, விழா நடந்தது, அவர் வேறு யாரோடோ வாசித்தார் என்று செய்தித்தாளில் படித்தாள். படித்துவிட்டு அந்தப் பக்கத்தை விரித்து, அதன்மேல் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிப் போட்டாள்.

அந்த வாரம் போர்ட்டோ பல் மருத்துவர் ஒரு வேகமான பாட்டில் கட்டைவிரல் மாட்டிக்கொள்கிறது, ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். சனிக்கிழமை ஹெஸ்டர் சர்ச்சுக்குப் போய்க் கேமராவை இடது கைக்குப் பக்கத்தில் வைத்தாள். மனதில் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. கொதிப்போடேயே கட்டைவிரலை எங்கே வைப்பது என்று மெதுவாக, நான்கு முறை, காட்டினாள்.